மட்டக்களப்பு காந்தி பூங்கா: வாவிக்கரையில் நாங்கள் கூடும் இடம்

அம்மாவுக்கு இப்போது 79 வயது. வருடத்தில் இரண்டு, மூன்று தடவை என்னிடம் கேட்பார்: "மனே, காந்தி பூங்காவுக்கு என்னை ஒருக்காக் கூட்டிட்டுப் போறியா?"

மற்றவர்கள் அங்கே போவது வாவிக்காற்று வாங்குவதற்கு, பிள்ளைகளை ஓடியாட விடுவதற்கு, கச்சான் கொறித்தபடி பொழுது சாயும்வரை இருப்பதற்கு. அம்மா கேட்பதற்குக் காரணம் வேறு. 1990ஆம் ஆண்டு சைக்கிளில் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராத என் அண்ணனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் பல தடவை நின்ற இடம் அது. போகும்போது அண்ணனுக்கு 19 வயது.

வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த எங்கள் உறவினரின் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இந்தப் பூங்காவுக்கும் போகிறார்கள். வாவியைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்கிறார்கள். நல்ல இடம், படம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் யார் யார் நின்றார்கள், எதற்காக நின்றார்கள் என்பதை யாராவது சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். அண்மையில் ஒரு சனிக்கிழமை அம்மாவுடன் போய் வந்த பிறகு, அதை ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

செங்கலடியிலிருந்து நகரம் வரை

எங்கள் ஊர் செங்கலடி. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீற்றர். திருகோணமலை வீதியும் பதுளை வீதியும் சந்திக்கும் இடம் என்பதால் சந்தி எந்த நேரமும் சனமாக இருக்கும். பதுளை வீதியில் சற்று உள்ளே போனால் கறுப்புப் பாலம் வரும். யுத்த காலத்தில் ஒரு பக்கம் இராணுவக் கட்டுப்பாடு, மறுபக்கம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாடு. அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டு போக வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பாலம் நன்றாக நினைவிருக்கும்.

செங்கலடிக்கு வடக்கே அடுத்த ஊர் வந்தாறுமூலை. அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் 1990இல் ஆயிரக்கணக்கான மக்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அந்த வருடம் செப்டெம்பர் 5ஆம் திகதி அந்த முகாமிலிருந்து 158 பேர் படையினரால் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை.

நகரத்துக்குப் போகும் பஸ் ஏறாவூரைக் கடந்து, தன்னாமுனை, சத்துருக்கொண்டான், பிள்ளையாரடி, ஊறணி என்று போகும். இந்தப் பாதையில் துக்கம் இல்லாத ஊர் இல்லை. ஏறாவூரில் 1990 ஓகஸ்ட் மாதம் ஓர் இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த இரண்டு படுகொலைகளுக்கும் விடுதலைப் புலிகள்மீதே குற்றம் சாட்டப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இருந்து குழந்தைகள், பெண்கள், முதியவர்கள் உட்பட 180க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பஸ் சத்துருக்கொண்டானைத் தாண்டும்போது அம்மா கண்ணை மூடிக் கைகளைக் கூப்புவார். ஏறாவூரைத் தாண்டும்போதும் அப்படித்தான். ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். "அங்கயும் தாய்மார்தானே மனே" என்றார்.

வாவியும் வாயிலும்

பூங்கா நகரின் நடுவே, வாவிக்கரையில் இருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்தும் பஸ் நிலையத்திலிருந்தும் நடந்தே போகலாம். புத்தகத்தில் வாவி என்று எழுதினாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது 'ஆறு'தான். மட்டமான களப்பு என்பதிலிருந்தே மட்டக்களப்பு என்ற பெயர் வந்ததென்று விளக்குவார்கள். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இந்த நீர்ப்பரப்பு மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. யுத்த காலத்தில் இந்தப் பெயர்களுக்கு இன்னொரு அர்த்தமும் வந்தது. எழுவான்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டிலும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்த வருடங்கள் பல. 2007இல் படுவான்கரையில் சண்டை நடந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் பொட்டலங்களோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன.

பாலங்கள் வருவதற்கு முன் போக்குவரத்தெல்லாம் தோணியிலும் பாதையிலும்தான். கல்லடிப் பழைய பாலம் 1924இல் கட்டப்பட்டது. மண்முனைத்துறைக்கு 2014இல்தான் பாலம் கிடைத்தது. அதுவரை கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே பாதைக்காகக் காத்து நின்றார்கள்.

அப்படித் தோணிகள் வந்து சேர்ந்த பழைய இறங்குதுறை ஒன்றின் அடையாளம்தான் காந்தி பூங்காவை ஒட்டியிருக்கும் மட்டக்களப்பு வாயில். அதன் அருகே வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகரின் சிலை நிற்கிறது. 1814இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்தக் குழுவில் இருந்தவர். கடற்பயணத்திலேயே மனைவியை இழந்தவர். மற்றவர்கள் யாழ்ப்பாணம், காலி என்று பிரிந்து போக, இவர் தனியாக மட்டக்களப்புக்கு வந்தார். அவர் அன்று தொடங்கிய பள்ளிக்கூடமே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஒரு வருடம் நிறையுமுன், 1815 ஏப்ரலில், நோயால் இறந்துபோனார்.

பூங்காவிலிருந்து கோட்டையும் தூரமில்லை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். பத்து வருடங்களில், 1638இல், கண்டி மன்னனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர். அந்நியர் வந்து இறங்கியதும் ஆட்சி மாறியதும் இந்த நீரோரத்தில்தான்.

காந்தி வராத ஊரில் காந்தி

மகாத்மா காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தார். கதர் நிதிக்காக ஊர் ஊராகப் போனார். கொழும்பு, கண்டி, பதுளை, காலி, யாழ்ப்பாணம் என்று நீண்ட அந்தப் பயணத்தில் மட்டக்களப்பு இல்லை. பதுளை வரை வந்தவர் எங்கள் பதுளை வீதியின் இந்த முனைக்கு வரவில்லை என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் பகிடியாகச் சொல்வார்.

அவர் வராவிட்டாலும் அவருடைய பெயர் இந்த ஊரின் வரலாற்றில் பல தடவை வருகிறது. 1970களின் பிற்பகுதியில் கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் காந்தீயம் என்ற அமைப்பை நடத்தினார்கள். 1977 இனவன்முறையால் விரட்டப்பட்ட மலையகத் தமிழர்களை வடக்கு, கிழக்கில் குடியேற்றிப் பண்ணைகளையும் பாலர் பாடசாலைகளையும் அமைத்தது அந்த அமைப்பு. 1983இல் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அந்த வருடம் ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய கைதிகள் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டு வரப்பட்டார்கள். அங்கிருந்து செப்டெம்பர் 23ஆம் திகதி சிறையுடைத்து வெளியேறியவர்களில் டேவிட்டும் ஒருவர்.

ஐந்து வருடங்கள் கழித்து இந்திய அமைதிப் படை இங்கே நிலைகொண்டிருந்த காலம். யுத்தத்தை நிறுத்திப் பேச வேண்டும் என்று கேட்டு, பத்துப் பிள்ளைகளின் தாயான பூபதி கணபதிப்பிள்ளை 1988 மார்ச் 19ஆம் திகதி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் முன்றலில் உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கினார். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 19ஆம் திகதி, உயிர் துறந்தார். காந்தியின் நாட்டிலிருந்து வந்த படையிடம் காந்தியின் வழியிலேயே அவர் கேட்டார். அவரது நினைவிடம் நாவலடியில் இருக்கிறது. பூங்காவில் காந்தி சிலையைப் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் பலருக்கு அன்னை பூபதியும் நினைவுக்கு வருவது இதனால்தான்.

சேதப்படுத்தப்பட்ட சிலைகள்

யுத்தம் முடிந்து மூன்று வருடங்கள் ஆன பின், 2012 ஏப்ரலில், நகரில் இருந்த நான்கு சிலைகள் இனந்தெரியாதோரால் சேதப்படுத்தப்பட்டன. ஒன்று காந்தியுடையது. இன்னொன்று சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுடையது. மற்ற இரண்டும் எங்கள் மண்ணின் அறிஞர்களுடையவை. காரைதீவில் பிறந்து, யாழ் நூல் எழுதி, கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கிய சுவாமி விபுலாநந்தர் ஒருவர். மண்டூரின் புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை மற்றவர்.

நால்வரின் சிலைகள். அந்தச் செய்தி வந்த நாள் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் அதிகம் கதைக்கவில்லை. யார் செய்திருப்பார்கள் என்று வாய்விட்டுக் கேட்கவே பயந்த காலம் அது. இன்று பூங்காவில் காந்தி மீண்டும் இருக்கிறார்.

எழுதியவர்களுக்கான தூபி

பூங்காவுக்குள் கொலை செய்யப்பட்ட ஊடகவியலாளர்களுக்கான நினைவுத்தூபி ஒன்று இருக்கிறது. பலர் கவனிக்காமல் கடந்து போவார்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

ஐயாத்துரை நடேசன், நெல்லை நடேசன் என்ற பெயரில் எழுதியவர். வடமராட்சியின் நெல்லியடியிலிருந்து வந்து மட்டக்களப்பைத் தன் ஊராக்கிக் கொண்டவர். 2004 மே 31ஆம் திகதி காலை வேலைக்குப் போகும் வழியில் இந்த நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தர்மரத்தினம் சிவராம் மட்டக்களப்பில் பிறந்தவர். தராக்கி என்ற பெயரில் அவர் எழுதிய அரசியல், இராணுவ ஆய்வுகளைக் கொழும்பிலும் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் தேடிப் படித்தார்கள். நண்பன் நடேசனுக்கு அஞ்சலி செலுத்திய அவரும் ஒரு வருடம் நிறையுமுன், 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு, பம்பலப்பிட்டியில் வைத்துக் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அண்மையில் அவரது உடல் கிடந்தது. இந்த இரண்டு கொலைகளுக்காகவும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஒவ்வொரு வருடமும் சக ஊடகவியலாளர்கள் இங்கே விளக்கேற்றுகிறார்கள். கூடவே, அவர்களைப் படம் எடுக்க வேறு சிலரும் வந்து நிற்பதுண்டு.

தாய்மார் நின்ற இடம்

அண்ணனைத் தேடி அம்மா ஏறி இறங்காத இடம் இல்லை. முகாம்கள், அலுவலகங்கள், ஆணைக்குழுக்கள், சாத்திரிமார் வீடுகள். ஒரு அலுவலகத்தில் மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப் பணம் கிடைக்கும் என்றார்கள். அம்மா படிவத்தை வாங்கி மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "செத்ததைப் பார்த்தவன் வந்து கையெழுத்து வைக்கட்டும், நான் பிறகு வைக்கிறன்" என்றார். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணப்படவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறும் வசதி 2016இல்தான் சட்டத்தில் வந்தது. 26 வருடங்களுக்குப் பிறகு.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை என்று அது பரவியது. மட்டக்களப்பிலும் உறவினர்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கூடிய இடங்களில் முக்கியமானது காந்தி பூங்கா. 2018இல் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியபோது, உள்நாட்டு விசாரணையில் நம்பிக்கையில்லை, சர்வதேச நீதி வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் இப்படிப்பட்ட இடங்களில் நின்றுதான்.

இதேபோல ஒரு சதுக்கம் ஆர்ஜென்டீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் இருக்கிறது. பெயர் பிளாசா டி மாயோ. இராணுவ ஆட்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த 14 தாய்மார் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி அங்கே கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்று பொலிஸார் சொன்னார்கள். அவர்கள் சோடி சோடியாகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டி, வியாழன்தோறும், பல பத்தாண்டுகள். அங்கே ஆட்சி மாறியபின் இராணுவத் தளபதிகள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகள் பலர் மரபணுச் சோதனையால் கண்டுபிடிக்கப்பட்டார்கள். இதை நான் சொன்னபோது அம்மா ஒன்றைத்தான் கேட்டார்: "அவங்களுக்கு எத்தனை வருசம் எடுத்தது?"

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் பலர் பலியானார்கள். அவர்களுக்கான அஞ்சலியும் இந்தப் பூங்காவில் நடக்கிறது. 2022இல் பொருளாதாரம் விழுந்து, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, தமிழ், முஸ்லிம் பெண்கள் சேர்ந்து நீதிக்கான நடைபயணம் ஒன்றை நாளுக்கு நாள் நடத்தினார்கள். பதாகைகளோடு நகர வீதியில் நடந்து வந்து காந்தி பூங்காவில் முடிப்பார்கள். அம்மாவும் இரண்டு நாள் போனார். அங்கே பக்கத்தில் நின்ற காத்தான்குடிப் பெண் ஒருவர் அண்ணனின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் தகப்பனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவரும் 1990இல் போனவர். "ரெண்டு பேரும் அழுதிட்டு, பிறகு ஒரு தேத்தண்ணி குடிச்சம்" என்று அம்மா வந்து சொன்னார்.

கல்லறை இருந்தால் வருடத்தில் ஒரு நாள் அங்கே போகலாம். இல்லாதவர்கள் எங்கே போவது? வீட்டுச் சுவரில் படத்துக்கு மாலை போட்டால் இறந்துவிட்டதாக ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அம்மா இன்றுவரை போடவில்லை. பொட்டும் வைக்கவில்லை. இந்தப் பூங்காவில் அந்தப் படத்தை மாலையில்லாமல் பிடித்து நிற்கலாம். கேள்வியாகவே பிடித்து நிற்கலாம். பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. என் அம்மாவைப் போன்றவர்களுக்கு இந்தப் பூங்காவின் பயன் அதுதான்.

போக விரும்புகிறவர்களுக்கு

செங்கலடிப் பக்கமிருந்து வருபவர்களுக்கு வாழைச்சேனை – மட்டக்களப்பு பஸ்கள் உண்டு. கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வந்தால் நிலையத்திலிருந்து ஓட்டோவில் வரலாம். மதிய வெயில் கடுமை. மாலை நான்கு மணிக்குப் பிறகு வந்தால் காற்று நன்றாக வீசும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரிமழை. வாவி நிறைந்து கிடக்கும். பூங்காவைப் பார்த்துவிட்டு மட்டக்களப்பு வாயில், ஓல்ட்டின் சிலை, கோட்டை என்று ஒரு சுற்று நடந்து வரலாம். நேரமிருந்தால் இரவில் கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். முழுநிலவில் துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று எங்கள் ஊர்த் தோணிக்காரர் சொல்வார்கள்.

ஏப்ரல் 21, ஏப்ரல் கடைசி நாட்கள், மே 31, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினமான ஓகஸ்ட் 30 ஆகிய நாட்களை ஒட்டி வந்தால் அங்கே ஆட்கள் கூடி நிற்பதைக் காணக்கூடும். அப்படிக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டாம். கூட நில்லுங்கள். தாய்மாரைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆனால் எந்தப் படம் எங்கே போய்ச் சேரும் என்ற பயம் அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. கையில் இருக்கும் படத்தில் உள்ளவரின் பெயரைக் கேளுங்கள். அதைச் சொல்லத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள்.

அன்று சனிக்கிழமை போராட்டம் எதுவும் இல்லை. சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு இளம் சோடி வாவியைப் பார்த்தபடி இருந்தது. அம்மா மதிற்கட்டில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டார். பந்து ஒன்று உருண்டு அவர் காலடிக்கு வந்தது. எடுக்க வந்த பையனிடம், "எந்த ஊர் மனே?" என்று கேட்டார். வவுணதீவு என்றான். "வீட்டுக்கு நேரத்தோட போயிரு, இருட்டப் போகுது" என்றார்.

ஆறரை பஸ்ஸுக்கு நாங்களும் கிளம்பினோம். ஏறும்போது அம்மா, "ஓகஸ்ட்டில வருவம்" என்றார்.